டங்ஸ்டன் நின்றது சரி, அந்த நிலத்தை இனி யார் காசில் காப்பது?

மேலூர்ப் புஞ்சை

எங்கள் மாமாவுக்கு மேலூர் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரிப் புஞ்சை இருக்கிறது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் கண்மாய்க்குப் போகும் வரத்துக்கால். போன மாதம் போயிருந்தபோது பக்கத்து நிலத்தில் பிளாட் போடக் கல் நட்டிருந்தார்கள். முழங்கால் உயரக் கற்கள், தலையில் மஞ்சள் பெயிண்ட். லாரி உள்ளே வருவதற்காக வரத்துக்காலின் குறுக்கே கிராவல் கொட்டி மேடாக்கி வைத்திருக்கிறார்கள், அடியில் ஒரு சிமெண்ட் குழாய்கூடப் போடவில்லை. மாமா அந்த மேட்டைச் செருப்புக் காலால் தட்டிக் காட்டி, "ஐப்பசியில் தண்ணி வந்து இங்கேதான்டா நிற்கும்" என்றார். அவரிடமும் புரோக்கர் மூன்று தடவை வந்துவிட்டாராம்.

டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து இதே ஊர்கள் எப்படி நின்றன என்று எல்லோருக்கும் தெரியும். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரத்தில் 193 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்தது. அப்படியும் 2024 நவம்பரில் அந்த இடத்தையும் சேர்த்து 2,000 ஹெக்டேருக்கு மேல் ஏலம் போனது. கிராம சபைத் தீர்மானம், சட்டமன்றத் தீர்மானம், மதுரைக்குப் பேரணி எல்லாம் நடந்து, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. நானும் அந்தப் பேரணியில் நடந்தேன்.

ஆனால் கல் நட்ட அந்த நிலத்தைப் பார்த்ததிலிருந்து ஒரு கேள்வி விடாமல் அரிக்கிறது. சுரங்கம் வராமல் தடுக்கச் சட்டத்தில் ஏதோ ஒரு பிடி இருந்தது. 193 ஹெக்டேருக்கு வெளியே, மலைக்கும் கண்மாய்க்கும் நடுவில் இருக்கும் பட்டா நிலம் துண்டு துண்டாக விலை போவதைத் தடுக்க என்ன இருக்கிறது? மாமா விற்காமல் இருந்தால் அவருக்கு என்ன கிடைக்கும்? விற்றால் கிரயத்தில் 9 சதவீதம் அரசுக்குப் போகும், முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2. விற்காமல் வைத்திருந்தால் அரசிடமிருந்து இவருக்கு ஒரு பைசா வராது. அந்த 9 சதவீதத்திலிருந்து கொஞ்சம் எடுத்து, நிலத்தைக் காப்பவர்களுக்குக் கொடு என்று மாநிலம் ஒரு சட்டம் போட முடியாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடைமடைக்காரன்

தம்பி, சட்டம் போட்ட ஊரிலிருந்து சொல்கிறேன். 2020 பிப்ரவரியில் காவிரி டெல்டாவுக்கு என்று பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது எங்கள் ஊரில் வெடி போட்டார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், அப்புறம் கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில வட்டாரங்கள் உள்ளே வந்தன. திருச்சி, கரூர், அரியலூர் வரவில்லை. நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். 2023ல் நிலக்கரி ஏலப் பட்டியலில் வடசேரி, சேத்தியாத்தோப்பு, மைக்கேல்பட்டி பெயர்கள் வந்தபோது மாநில அரசு இந்தச் சட்டத்தைக் காட்டித்தான் எதிர்த்தது, மூன்றும் பட்டியலிலிருந்து போயின. மைக்கேல்பட்டி அரியலூரில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள், சட்டத்துக்கு வெளியே.

இப்போது அந்தச் சட்டத்தின் தடைப் பட்டியலை எடுத்துப் படியுங்கள். உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, எண்ணெய், எரிவாயு, கப்பல் உடைப்பு என்று போகிறது. பிளாட் அதில் இல்லை. கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தால் போதும், நான் சொல்வது புரியும். பெரிய ஆலைக்குப் பூட்டுப் போட்டுவிட்டோம், சின்னச் சின்னக் கிரயத்துக்குக் கதவு திறந்தே கிடக்கிறது. அதை அடைக்கத் தடைச் சட்டம் கொண்டுவந்தால் முதலில் எதிர்ப்பவன் விவசாயியாகத்தான் இருப்பான், ஏனென்றால் மகன் படிப்புக்கோ ஆஸ்பத்திரிக்கோ அவனிடம் விற்க இருப்பது அது ஒன்றுதான். என் அரை ஏக்கரை நானும் அப்படித்தான் விற்றேன்.

கணக்கு நோட்டு

மேலூர் நண்பர் கேட்டதற்கு ஒரு சின்னக் கணக்கு. பதிவுத்துறைக்கு 2022–23ல் 17,000 கோடி ரூபாய்க்கு மேல் வருமானம். நூற்றுக்கு ஒரு ரூபாய் ஒதுக்கினாலே 170 கோடி, மூன்று ரூபாய் என்றால் 500 கோடியைத் தாண்டும். புதிதாக ஒரு வரி போட வேண்டியதில்லை, வாங்குகிறவர் தலையில் கூடுதல் சுமையும் ஏறாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அந்த 7 சதவீதத்தில் 2 சதவீதம் உள்ளாட்சிக்கான சொத்து மாற்றக் கூடுதல் தீர்வை. அதாவது ஊரில் நிலம் கை மாறினால் ஊராட்சிக்குப் பங்கு உண்டு. கை மாறாமல், மேய்ச்சலாகவோ காடாகவோ கண்மாய் நீர்ப்பிடிப்பாகவோ இருந்தால் ஊராட்சிக்கு அந்த வகையில் ஒன்றும் கிடையாது. ஒரு ஊராட்சித் தலைவர் நல்லவராகவே இருந்தாலும் அவர் வரவு செலவு நோட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.

மேல்மட்டத்தில் இதை நாடு வேறு மாதிரிச் செய்துகொண்டிருக்கிறது. 14ஆவது நிதிக் குழு மத்திய வரியை மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது காட்டுப் பரப்புக்கு 7.5 சதவீத எடை கொடுத்தது, 15ஆவது நிதிக் குழு அதை 10 சதவீதமாக்கியது. காடு வைத்திருப்பதால் வேறு வருமானத்தை இழக்கிறாய், இந்தா ஈடு என்று டெல்லி மாநிலத்துக்குக் கொடுக்கிறது. அதே நியாயத்தை மாநிலம் தன் ஊராட்சிகளுக்குக் கொடுத்தால் என்ன? காட்டை ஒட்டிய ஊருக்கு, கண்மாய்ப் பிடிப்பைக் காத்த ஊருக்கு என்று தனி எடை வேண்டும்.

தாண்டிக்குடி நிழல்

கீழ்ப்பழனி மலையில் எட்டு ஏக்கர் காபித் தோட்டம், அப்பா காலத்து மரங்கள் நிழலுக்கு நிற்கின்றன. எங்கள் மலையிலிருந்து இறங்கும் ஓடைகள்தான் கீழே மருதாநதி அணைக்குப் போகின்றன. 1949ல் வந்த தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், 1955ல் வந்த மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இரண்டும் எதற்கு என்று எனக்குப் புரிகிறது. அவை இல்லாவிட்டால் இந்த மலை மொட்டையாகியிருக்கும். அதை ஒத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

ஆனால் 75 வருடமாகச் சட்டம் எங்களிடம் பேசுவது ஒரே வார்த்தைதான்: கூடாது. வெட்டக் கூடாது, அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது. ரெண்டு வருடம் முன்னால் காற்றில் சாய்ந்த ஒரு மரத்தை எடுக்க நான் அலைந்தது ஏழு மாதம். அது விழுந்த இடத்தில் இருபது காபிச் செடி நசுங்கிக் கிடந்தது, அடியில் கறையான் ஏறி, கடைசியில் அனுமதிக் கடிதம் வந்தபோது விறகுக்குக்கூட ஆகாத நிலை. அதே ஏழு மாதத்தில் எங்களுக்கு மேலே ஒரு தோட்டத்தில் ரிசார்ட் எழும்பிவிட்டது. மரத்தை வைத்திருப்பவன் கையில் அபராதப் பயம் மட்டும் இருந்தால் அவன் பிள்ளை அதை வைத்திருக்க மாட்டான். என் மகன் இப்போதே சொல்கிறான். நிழல் மரத்துக்கு ஏக்கருக்கு வருடம் இவ்வளவு என்று கையில் ஏதாவது வந்தால், தொகை சின்னதாக இருந்தாலும், நாம் செய்வதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்று அவனுக்குச் சொல்ல எனக்கு வாய் வரும்.

சித்தூர்க்காரி

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரிலிருந்து எழுதுகிறேன், வீட்டில் தமிழ்தான். நீங்கள் எல்லாரும் "முடியுமா" என்று கேட்பதை எங்கள் மாநிலம் செய்து பார்த்திருக்கிறது, அதனால் உள்ளது உள்ளபடி சொல்கிறேன்.

கேரளாவில் 1970களின் நடுவில் எட்டு லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் வயல் இருந்தது, பின்னால் இரண்டு லட்சமாகச் சுருங்கியது. 2008ல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஊர் ஊராக எது வயல் என்று டேட்டா பேங்க் எடுத்தார்கள். 2020லிருந்து வயலை வயலாகவே வைத்திருக்கும் உரிமையாளருக்கு ராயல்டி என்று ஒன்று கொடுக்கிறார்கள், முதலில் ஹெக்டேருக்கு வருடம் 2,000 ரூபாய், பிறகு 3,000. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 1,200 ரூபாய். இதை வைத்து யாரும் வயலைக் காப்பாற்ற முடியாது, ஒரு நாள் டிராக்டர் செலவுக்கு வரும். ஆனால் எங்கள் அப்பா முதல் தடவை அந்தப் பணம் வந்தபோது பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்க் காட்டினார். நாற்பது வருடம் வயல் வைத்திருந்ததற்கு அரசு அவருக்கு அனுப்பிய முதல் காசு அது. தாண்டிக்குடி அண்ணன் சொல்லும் மதிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

இனி கெட்டது. 2018ல் சட்டத்தைத் திருத்தி, டேட்டா பேங்கில் இல்லாத வயலைக் கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அந்தக் கட்டணம் வேளாண் வளர்ச்சிக்கான தனி நிதிக்குப் போக வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. போகவில்லை, பொதுக் கணக்கிலேயே தங்கிவிட்டது. 2024ல் உயர் நீதிமன்றம் தலையிட்டு, அந்த நிதிக்கு மாற்று என்று உத்தரவிட வேண்டியிருந்தது. அதனால் நீங்கள் கேட்கும்போது தொகையை மட்டும் கேட்காதீர்கள், பணம் எந்தக் கணக்கில் விழும் என்றும் கேளுங்கள்.

மேலூர்ப் புஞ்சை

அக்கா, பாஸ்புக் விஷயத்தை மாமாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, "ஏக்கருக்கு எவ்வளவு?" என்று மறுபடி ஒரு தடவை கேட்டார், அவ்வளவுதான். வெளிநாட்டில் எங்காவது பத்திரப் பதிவுப் பணத்தை இதற்கு ஒதுக்கியிருக்கிறார்களா?

கீழ்க்கோர்ட்

ஒதுக்கியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலம், 2014 நவம்பர். சொத்துப் பத்திரங்கள் மீது ஏற்கெனவே வசூலாகும் முத்திரை வரியில் மூன்றில் ஒரு பங்கை 20 ஆண்டுகளுக்கு நிலமும் நீரும் காக்கவே செலவிட வேண்டும் என்று அந்த மாநில அரசியலமைப்பிலேயே எழுதுவதற்கு வாக்கெடுப்பு நடந்தது. நாலில் மூன்று பங்குப் பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். நீங்கள் சொல்வதும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான்: வீடும் மனையும் விற்பதால் வரும் பணம், விற்கக் கூடாத நிலத்துக்குப் போகட்டும். கொலராடோவில் 1992லிருந்து லாட்டரிப் பணத்தில் இதைச் செய்கிறார்கள்.

ஆனால் ஃபுளோரிடாவில் அடுத்து நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சட்டமன்றம் அந்தப் பணத்தில் பெரும்பகுதியை, துறைகளின் வழக்கமான சம்பளம், நிர்வாகச் செலவுக்குத் திருப்பியது. சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குப் போட்டன, 2018ல் கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2019ல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. மக்கள் நிலம் வாங்கி வைக்கத்தான் வாக்களித்தோம் என்று நினைத்தார்கள். வாசகம் அதைவிட அகலமாக இருந்தது. சித்தூர் சகோதரி சொன்னதும் இதே நோய்.

நம் நிலைமை என்னவென்றால், நிலம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் 18ஆவது இனம், முத்திரைத்தீர்வை விகிதம் அதே பட்டியலில் 63ஆவது இனம். காடு மட்டும் 1976ல், டெல்லியும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போய்விட்டது. ஆகையால் இப்படி ஒரு நிதியைச் சட்டமன்றம் தானாகவே உருவாக்கலாம், டெல்லியைக் கேட்டு நிற்க வேண்டியதில்லை. இன்னொன்று, அரிட்டாபட்டியை அறிவித்தது 2002ஆம் வருடப் பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆவது பிரிவில். அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவைப் படியுங்கள்: அறிவிப்பால் பொருளாதாரப் பாதிப்பு அடைகிறவர்களுக்கு ஈடுசெய்யும் திட்டத்தை மாநில அரசு வகுக்க வேண்டும். வகுக்கலாம் என்று இல்லை, வேண்டும் என்றே இருக்கிறது. உங்கள் ஊர் கேட்பதற்குச் சட்டத்தில் இடம் ஏற்கெனவே இருக்கிறது.

நமது சட்டமன்றம் நிலத்துக்கு நல்லது மட்டுமே செய்யும் என்று நம்பிவிடவும் வேண்டாம். 2023 ஏப்ரல் 21 அன்று சிறப்புத் திட்டங்களுக்கான நிலம் ஒருங்கிணைப்புச் சட்டம் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டத்துக்குள் ஏரியோ ஓடையோ இருந்தாலும் நிலத்தை ஒருங்கிணைத்துக் கொடுக்க வழி செய்யும் சட்டம் அது. விவசாயச் சங்கங்கள் இன்னும் எதிர்த்துக்கொண்டிருக்கின்றன.

கணக்கு நோட்டு

தனி நிதி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது காம்பா என்ற காடு ஈட்டு நிதி. காட்டை வேறு வேலைக்கு எடுத்தால் ஈடாகப் பணம் கட்ட வேண்டும், அந்தப் பணம் வருடக்கணக்கில் டெல்லியில் குவிந்து, 2016ல் சட்டம் வந்து, 2019ல்தான் 47,000 கோடிக்கு மேல் மாநிலங்களுக்குப் பிரித்தார்கள். 2013ல் வந்த தணிக்கைத் துறை அறிக்கை சொன்னது: 2006லிருந்து 2012 வரை ஈடாக வர வேண்டிய காடல்லாத நிலம் 1,03,382 ஹெக்டேர், வந்தது 28,086 ஹெக்டேர். பணம் இருந்தது, நிலம் வரவில்லை. பணத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். வருடா வருடம் எந்தச் சர்வே எண், எவ்வளவு பரப்பு, யாருக்கு எவ்வளவு என்று ஊராட்சிச் சுவரில் எழுதிப் போட வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே வைக்க வேண்டும்.

வெள்ளாடு

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் பட்டா வைத்திருப்பவர்களுக்குக் காசு கொடுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் அம்மாவிடம் இருபத்தி ஆறு ஆடுகள், ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஊர் மேய்க்கால் புறம்போக்கில்தான் நாற்பது வருடமாக மேய்க்கிறார். எந்த மாதம் எந்தக் கருவேலங்காய் உதிரும், எந்தப் பள்ளத்தில் மழைத் தண்ணீர் பத்து நாள் கூடுதலாக நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த நிலத்தில் யாராவது கல் நட்டால் முதலில் சத்தம் போடுகிறவரும் அவர்தான், ஏனென்றால் அங்கே தினமும் போகிற ஆள் அவர் ஒருவர்தான்.

சில வருடம் முன்னால் அதில் மரம் நடுகிறோம் என்று ஒரு திட்டத்தில் வந்தார்கள். மேய்ச்சல் தரையைக் கிழித்துக் குழி எடுத்து, வேலி போட்டு, ஆடு உள்ளே வரக் கூடாது என்றார்கள். கன்றுகள் முதல் கோடையிலேயே கருகின. வேலிக் கம்பி இன்னும் நிற்கிறது. அந்தத் தரையில் கொழுக்கட்டைப் புல் திரும்ப வர எத்தனை வருடம் ஆகுமோ. பாதுகாப்பு என்றால் மரம் என்று நினைக்கிறவர்கள் கையில் 170 கோடி கொடுத்தால் எங்கள் மாதிரி ஆட்களுக்கு மேய இடம் மிச்சம் இருக்காது.

பொதுநிலத்தை விட்டுவிட்டுப் பட்டா நிலத்துக்கு மட்டும் நிதி என்றால் நான் எதிர்ப்பேன். 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஊர்ப் பொதுநிலத்து ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் போடுங்கள் என்று எல்லா மாநிலங்களுக்கும் சொல்லியிருக்கிறது. அதைச் செய்யக் காசும் ஆளும் எங்கே?

கடைமடைக்காரன்

தங்கச்சி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இதோடு கண்மாய், குளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2007ல் வந்த ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொதுப்பணித் துறை வசம் இருந்த ஏரிகளுக்குத்தான். ஊராட்சி வசம் இருக்கும் சின்னக் குளம், ஊருணி எல்லாம் அந்தச் சட்டத்துக்குள் வராது. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் சுமார் 40,000 என்கிறார்கள், எல்லை அளந்து கல் போடவே ஊராட்சிக்குப் பணம் கிடையாது. புரோக்கர் மஞ்சள் கல் நடுவதற்கு முன்னால் ஊர் தன் கல்லை நட வேண்டும், அதற்குத்தான் முதல் காசு.

தாண்டிக்குடி நிழல்

வெள்ளாடு எழுதியதைப் படித்த பிறகு நான் கேட்டதை மாற்றிக்கொள்கிறேன். எட்டு ஏக்கர்காரனுக்கு முன்னால் பொதுநிலம் வரட்டும். எங்களுக்கு விழுந்த மரத்தை எடுக்க 30 நாளில் பதில் சொல்லும் விதி வந்தாலே பாதி வலி தீரும், அதற்குப் பணம்கூட வேண்டாம்.

கீழ்க்கோர்ட்

ஒரு திருத்தம், பட்டாதாரரை முழுக்க விட்டுவிட்டால் மேலூர் நண்பர் தொடங்கிய இடத்துக்கே பதில் இல்லாமல் போகும். வரத்துக்காலின் இரு கரையும் பட்டாவாக இருந்தால் பொதுநிலத்தை மட்டும் காப்பதில் தண்ணீர் வராது. என் யோசனை இதுதான். நிதியில் பெரும்பங்கு பொதுநிலத்துக்கு, அதை மேய்ப்பவர்களும் உட்கார்ந்திருக்கும் கிராம சபையின் முடிவில் செலவிட வேண்டும். மீதி, வரத்துக்காலையும் காட்டையும் ஒட்டிய பட்டா நிலத்துக்கு வருட ஒப்பந்தமாகப் போகட்டும். மாற்ற மாட்டேன் என்று பத்து வருடம் எழுதிக் கொடுத்தால் வருடா வருடம் பணம், வில்லங்கச் சான்றில் அது தெரிய வேண்டும். நடுவில் மாற்றினால் வாங்கியதைத் திருப்ப வேண்டும். சம்பளம், கட்டடம், வாகனம் மூன்றுக்கும் இந்த நிதியிலிருந்து ஒரு ரூபாயும் கூடாது என்று சட்ட வாசகத்திலேயே இருக்க வேண்டும்.

சித்தூர்க்காரி

தொகையை வழிகாட்டி மதிப்போடு, அதாவது பதிவுக்கு அரசு வைக்கும் நில விலையோடு, கட்டிவிடுங்கள். எங்களுக்கு 3,000 என்று ஒரு எண்ணைப் போட்டார்கள், நில விலை ஏறிக்கொண்டே போகிறது, எண் அதே இடத்தில் நிற்கிறது.

மேலூர்ப் புஞ்சை

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஊரில் ஏழெட்டுப் பேர் கூடிப் பேசினோம். சுரங்கத்துக்கு எதிராக 2024 நவம்பர் 23 கிராம சபையில் தீர்மானம் போட்டபோது எழுதிய அதே நோட்டை எடுத்து வந்தார்கள். வருகிற கிராம சபைக்கு இரண்டு தீர்மானம் எழுதியிருக்கிறோம். ஒன்று, பல்லுயிர்ச் சட்டம் 37(3)ன்படி ஈட்டுத் திட்டம் எங்கே என்று கேட்பது. இன்னொன்று, பதிவு வருமானத்தில் பங்கு ஒதுக்கி நிலப் பாதுகாப்பு நிதிச் சட்டம் கொண்டுவர வேண்டும் என்று கேட்பது, அதில் மேய்க்கால் முதலில் வரும்படி வெள்ளாடு சொன்னதை அப்படியே எழுதிவிட்டோம். கீழ்க்கோர்ட் சார், வாசகத்தைத் தட்டச்சுச் செய்து இங்கே போடுகிறேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

வரத்துக்கால் மேட்டைப் பற்றி வட்டாட்சியருக்கு மனு கொடுத்தாயிற்று, நில விவரம் இருக்கும் 'அ' பதிவேட்டு நகலும், எல்லை காட்டும் புலப்பட நகலும் வைத்து. மாமா இன்னும் விற்கவில்லை. புரோக்கர் நேற்றும் போன் செய்தாராம், "மழை முடியட்டும்" என்று சொல்லியிருக்கிறார்.

கீழ்க்கோர்ட்

போடுங்கள், இன்று இரவே பார்க்கிறேன். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்கினீர்களா? இல்லையென்றால் நாளைக்கே பதிவுத் தபாலில் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள், மழைக்கு முன்னால் அது ஃபைலில் ஏறியாக வேண்டும்.